கடைசி அத்தியாயம் பரீட்சைக்கு வராது

ஜெயசுந்தரி மிஸ்ஸிடம் கள்ளக் கையெழுத்தோடு போய்த் தப்பித்த பிள்ளை செகந்திராபாத் மாரெட்பள்ளியில் கிடையாது. பள்ளிக்கூட டைரியின் முதல் பக்கத்தில் அப்பாவின் மாதிரிக் கையெழுத்து இருக்கும். மார்க் கார்டோ லீவு லெட்டரோ எது வந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பாள். "உங்கப்பா பேருக்குக் கீழ ஒரு கோடு போடுவாரே, இன்னைக்கு அவசரமாப் போயிட்டாரா?" என்று கேட்பாள். பையனுக்கு அத்தோடு வியர்த்துவிடும். வருடத்துக்கு ஏழெட்டுப் பேரையாவது இப்படிப் பிடிப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

ஜெயசுந்தரியின் அப்பாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தாத்தா காலத்திலேயே பட்டாளத்துக் குமாஸ்தாவாக செகந்திராபாத் வந்து சேர்ந்துவிட்ட குடும்பம். வீட்டில் நெல்லைத் தமிழ், காய்கறிக் கடையில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் தக்கனி உருது, வகுப்பில் இங்கிலீஷ் என்று நாலும் அவளுக்குத் தடங்கலில்லாமல் வரும். கணவர் ஜார்ஜ் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். எந்த விஷயத்தையும் "நக்கோ" என்று, அதாவது வேண்டாமென்று ஆரம்பித்து, அரைமணி நேரம் கழித்துச் சம்மதிக்கிற மனிதர். ஒரே மகன் ஷெர்வின் என்ஜினியரிங் முடித்து பெங்களூருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனை, இரண்டாவது வரிசையில் இடது ஓரம். மற்ற ஆறு நாளும் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு இங்கிலீஷ். இருபத்து நாலு வருடம் இப்படியே போயிற்று. பெரிய ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

2004-இல் அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஊர் முழுக்க கம்ப்யூட்டர் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. மாதாப்பூர் பக்கம் வாரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆன்சைட்டில் இருந்தார்கள், மீதிப் பேர் போவதற்காகக் காத்திருந்தார்கள். இங்கிலீஷ் என்றால் இன்டர்வியூவில் பதில் சொல்வதற்கு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குத் துணைப்பாட நூலை ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம் என்று பள்ளி சொன்னதும், ஜெயசுந்தரி யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்றைச் செய்தாள். ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்தாள்.

அது ஒரு தலைமையாசிரியர் வீட்டுக் கதை. ஊர் மதிக்கும் மனிதர், சபையில் மூப்பர், கணீரென்று ஜெபிப்பவர். வீட்டுக்குள் மனைவியை அடிப்பவர். பதினேழு வருடம் வாங்கிக்கொண்ட அந்த மனைவி, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, ஊரே ஆராதனையில் இருக்கிற மூன்று மணி நேரத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. பெரிய வெள்ளியன்றா போகவேண்டும் என்று பல பேர் மனம் புண்பட்டது. ஒரு மாநிலத்தில் மூன்று வருடம் தடை இருந்து, கோர்ட்டுக்குப் போய் நீங்கியது. ஜெயசுந்தரி அதைக் கல்லூரியில் படிக்கும்போது, செய்தித்தாளில் அட்டை போட்டு மறைத்துப் படித்தவள்.

"கைக்கு இந்த வம்பு? நல்ல கதையே இல்லையா உலகத்துல?" என்றார் ஜார்ஜ், எதற்கு என்பதைத் தக்கனியில்.

"இதுதான் நல்ல கதை" என்றாள் அவள்.

ஆகஸ்டில் ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாரம் வகுப்பு வழக்கம்போலத் தூங்கி வழிந்தது. மூன்றாவது வாரம் பிள்ளைகள் அவள் வருவதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருநாள் போர்டில் ஒரு கேள்வியை எழுதினாள்: இந்த வீட்டில் நடப்பது யார் யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனாள். பால்காரர், வேலைக்காரி, தபால்காரர், பாதிரியார், பக்கத்து வீட்டு அம்மா. பதினொரு பேர் தேறினார்கள். பட்டியலைப் பார்த்து வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த மாதிரி ஒரு அமைதி இருபத்து நாலு வருடத்தில் அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

அப்போதுதான் மஹதி எழுந்தாள். அல்வாலிலிருந்து பள்ளி ஆட்டோவில் வருகிற பெண். அப்பா ஜகதீசன் ராணுவத் துறையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் அதிகாரி. பள்ளியில் சேர்ந்த மூன்று வருடத்தில் எந்த வகுப்பிலும் அந்தப் பெண் கேட்டால் ஒழிய வாய் திறந்ததில்லை.

"மிஸ், பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேக்கக்கூடாதுன்னு ரேடியோவைப் பெருசா வைக்கிறாங்கன்னு புக்ல இருக்கு" என்றாள் இங்கிலீஷில். "யாரும் பெருசா வைக்க மாட்டாங்க மிஸ். குறைச்சு வைப்பாங்க. அப்பத்தான் நல்லாக் கேக்கும்."

வகுப்பு சிரித்தது. ஜெயசுந்தரி சிரிக்கவில்லை, பூரித்துப் போனாள். ஒரு அச்சுப் புத்தகத்தில் எழுத்தாளர் தவறவிட்டதை ஒரு பதினாலு வயதுப் பெண் கண்டுபிடித்துச் சொல்கிறாள் என்றால் எந்த ஆசிரியைக்குத்தான் மனம் பூரிக்காது? தன் நோட்டில் மஹதி பெயருக்கு நேரே 'அருமையான வாசிப்பு' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். அது உனக்கு எப்படித் தெரியும் கண்ணு என்று கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கையெழுத்தில் ஒரு கோடு குறைந்தால் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

மஹதி வீட்டில் வேறொரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அப்பா வருவதற்கு முன், அம்மா சாவித்ரி சப்பாத்தி மாவு பிசையும்போது, அன்றைக்குப் படித்ததைப் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலுமாக மஹதி சொல்வாள். சாவித்ரி தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். "அப்புறம்?" என்பாள். மறுநாளும் "அப்புறம்?" இத்தனை வருடத்தில் தன்னைப் போல ஒருத்தி இன்னொரு இடத்திலும் இருக்கிறாள் என்று அவளுக்குச் சொன்னது அந்தப் புத்தகம் ஒன்றுதான். கதையில் அந்த மனைவி எப்படித் தப்பிக்கப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கதை சுவாரசியத்துக்காக இல்லை. இதெல்லாம் ஜெயசுந்தரிக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து.

செப்டம்பர் கடைசியில் புகார் வந்தது. ஒரு மாணவனின் அப்பா, சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர், பழைய தடைச் செய்தியை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, பள்ளிக் கரஸ்பாண்டென்ட் சீதாராமனுக்கு இமெயில் அனுப்பினார். பெண் பிள்ளைகளுக்கு வீட்டைவிட்டு ஓடச் சொல்லிக் கொடுப்பதற்கா ஃபீஸ் கட்டுகிறோம் என்று கேட்டிருந்தார். இன்னும் ஏழு பேர் அதில் பெயர் சேர்த்திருந்தார்கள். அதில் ஜகதீசன் இல்லை. அவருக்கு அப்படி ஒரு புத்தகம் நடக்கிறதென்றே தெரியாது.

சீதாராமன் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "மேடம், எனக்குப் புக்கைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நாளைக்கு கேட்ல பத்துப் பேர் வந்து நின்னா நான்தான் பதில் சொல்லணும். பேசாம எடுத்துடுங்களேன்."

"சார், இதைத் தனியாப் படிச்சா பிள்ளைங்க பயந்துதான் போவாங்க" என்றாள் ஜெயசுந்தரி. "கூட நாப்பது பேர் உக்காந்திருக்கும்போது படிச்சா, இதைப் பத்தி வாய்விட்டுப் பேசலாம்னு தைரியம் வரும். அதுக்குத்தான் ஸ்கூல்ல வச்சுச் சொல்லிக் குடுக்கணும். இந்த மாதிரிப் புக்கையெல்லாம் நாம விட்டுட்டா வேற யாரு சார் சொல்லிக் குடுப்பா?"

நல்ல பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சீதாராமன் முகம் இளகாததைப் பார்த்து, அவளே ஒரு வழி சொன்னாள். பெற்றோரிடம் சம்மதம் வாங்கிவிடலாம். டைரியில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி அனுப்பலாம். முடிவைச் சொல்லாமல் கதையின் சுருக்கம் நாலு வரி, கீழே சம்மதம் என்று அப்பாவின் கையெழுத்து. கையெழுத்து வராத பிள்ளைகள் அந்தப் பீரியடில் லைப்ரரியில் உட்காரட்டும். அப்பாவின் கையெழுத்தேதான் வேண்டும், மாதிரியோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன், அப்போதுதான் பின்னால் யாரும் பேச முடியாது என்றாள். சீதாராமன் டீ வரவழைத்தார். புத்தகத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அவள் இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நாற்பத்தோரு பேரில் முப்பத்தேழு பேர் நாலு நாளில் கொண்டுவந்துவிட்டார்கள். புகார் எழுதியவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள், எல்லோரும் போடும்போது நம் பிள்ளை மட்டும் பின்தங்குவானேன் என்று போட்டுக் கொடுத்தார்கள். மஹதியும் கொண்டுவந்தாள். ஆனால் அதில் தமிழில், ஒவ்வொரு எழுத்தாகப் பொறுமையாக, 'சாவித்ரி' என்று இருந்தது.

"இது அம்மா போட்டதாம்மா? அப்பா போடணுமே."

"நான் படிச்சுச் சொன்னேன், அம்மா கேட்டுட்டுதான் போட்டாங்க மிஸ்."

"சரிதாம்மா. முதல் பக்கத்துல இருக்கிறது அப்பா கையெழுத்துல்ல? உனக்கு மட்டும் ஒரு சட்டம் வைக்க முடியுமா?"

மஹதி டைரியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் சாவித்ரியே வந்துவிட்டாள். அல்வாலிலிருந்து பஸ் பிடித்து, சாப்பாட்டு மணி அடிக்கிற நேரமாகப் பார்த்து வந்திருந்தாள். மெலிந்த பெண், முப்பத்தாறு முப்பத்தேழு இருக்கும். ஸ்டாஃப் ரூம் வராந்தாவில் நின்று பேசினார்கள். ஜெயசுந்தரி பேசும்போதெல்லாம் சாவித்ரி முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள். கவனம் எங்கோ இருக்கிறது என்று நினைத்து ஜெயசுந்தரி கொஞ்சம் சத்தமாகப் பேசினாள்.

"டீச்சர், என் கையெழுத்தை ஏத்துக்கங்க. அவர்கிட்ட இதைக் கேக்க முடியாது."

"ஏம்மா, வேலையா ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்ல. இங்கதான் இருக்கார்."

"அப்புறம் என்ன? நீங்க சொன்னா மாட்டேன்னா சொல்லப் போறாங்க? படிச்ச மனுசங்க."

சாவித்ரி பையிலிருந்து டைரியை எடுத்து நீட்டினாள். ஜெயசுந்தரிக்கு அந்த அம்மாள் மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. வீட்டுக்காரரிடம் பேசப் பயந்த பெண், பாவம், நாமே எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அவள் கொண்டுவந்திருந்த டைரியை வாங்கி, அங்கேயே, வராந்தா சுவரில் வைத்து, அழகான இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதினாள். அன்புள்ள ஐயா, உங்கள் மகள் மஹதி இந்த நாவல் வகுப்பில் குடும்ப வாழ்க்கையைப் பற்றி மிக நுட்பமான கருத்துகளைச் சொல்லி எங்களையெல்லாம் வியக்க வைத்தாள். உங்கள் மனைவி ஏற்கெனவே அன்போடு கையெழுத்திட்டுவிட்டார். விதிமுறைப்படி உங்கள் கையெழுத்தும் தேவை. எழுதி முடித்து, மை காய ஊதி, டைரியைச் சாவித்ரியிடம் கொடுத்தாள்.

சாவித்ரிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "நல்லவிதமா எழுதியிருக்கேன், கவலப்படாதீங்க" என்று ஜெயசுந்தரி சொன்னதை நம்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தக் குறிப்பைச் சாயங்காலம் மஹதி படித்துப் பார்த்தாள். கிழித்துவிட நினைத்தாளாம். பக்கம் பக்கமாக நம்பர் போட்ட டைரி. கிழித்தால் மிஸ் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து கிழிக்கவில்லையாம்.

நாலு நாள் மஹதி பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். காய்ச்சல் என்று அப்பாவின் லீவு லெட்டர் இருந்தது, கையெழுத்து மாதிரியோடு சரியாக ஒத்துப்போனது. சம்மதச் சீட்டில் 'அனுமதி இல்லை' என்று எழுதி, கீழே அதே கையெழுத்து. அன்றிலிருந்து நாவல் பீரியட் வந்தால் மஹதி தன் பையை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே லைப்ரரிக்குப் போய்விடுவாள்.

அக்டோபரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஜகதீசன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். மார்க்கைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். எழுந்து போகும்போது கைகூப்பினார்.

"உங்க நோட்டுக்குத் தேங்க்ஸ் மேடம். வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாமலே இருந்துது. உங்களாலதான் தெரிஞ்சுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வலது காது கேட்காமல் இடது காதைத் திருப்பிய பெண்ணும், ரேடியோவைக் குறைப்பார்கள் என்று சொன்ன சிறுமியும், காய்ச்சல் லெட்டரும் ஒரே நேரத்தில் ஜெயசுந்தரிக்குப் புரிந்துபோயிற்று. அடுத்து வந்து உட்கார்ந்த பெற்றோரிடம் என்ன பேசினோம் என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஜார்ஜிடம் சொன்னாள். "அடுத்தவங்க வீட்டு விஷயம் ஜெயா. நாம உள்ள பூந்தா அந்தம்மாவுக்குத்தான் இன்னும் விழும்" என்றார் அவர். அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது, அதுதான் கொடுமை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அல்வாலுக்குப் பஸ் ஏறினாள். அட்மிஷன் ரெஜிஸ்டரிலிருந்து முகவரியை எழுதி வைத்திருந்தாள். தெருமுனையில் இருந்தே வீடு தெரிந்தது. வாசலில் கோலம், மாடிப்படியோரம் செம்பருத்தி. சாவித்ரி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசுந்தரியைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் கையில் இருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை இரண்டு முறை அசைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஜெயசுந்தரி திரும்பிவிட்டாள். அந்த அம்மாளே வேண்டாம் என்றபிறகு நாம் என்ன செய்ய முடியும் என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படிச் சொல்லிக்கொள்வது அவளுக்கு எட்டு வருடம் உதவியாக இருந்தது.

நாவலில் கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தது. அந்த மனைவி கிளம்பிப் போகிற அத்தியாயம். டிசம்பரில் அதை எடுக்கவேண்டும். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு அறை தள்ளி லைப்ரரியில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்தான் ஞாபகம் வந்தாள். இரண்டு நாள் திறந்து திறந்து மூடினாள். மூன்றாம் நாள் வகுப்பில், "கடைசிச் சாப்டரை வீட்ல படிச்சுக்கங்க. பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு வராது என்றால் அதை யார் படிப்பார்கள்? முப்பத்தேழு பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரலில் ஜகதீசன் டி.சி. வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி, போக்குவரத்து மிச்சம் என்றார்.

அதற்கப்புறம் ஜெயசுந்தரிக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அந்த நாவல் பிரதிகள் நாற்பத்தொன்றும் கட்டிவைக்கப்பட்டு ஸ்டோர் ரூமுக்குப் போயின. அடுத்த வருடம் துணைப்பாடமாக நீதிக் கதைகளை வைத்தாள். ஒரு பெற்றோரும் வாய் திறக்கவில்லை. பிரச்சினையைப் பக்குவமாகக் கையாண்டவர் என்று சீதாராமன் அவளையே புத்தகத் தேர்வுக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார். லைப்ரரிக்கு வருகிற ஒவ்வொரு புத்தகமும் அவள் மேஜை தாண்டித்தான் போகும். அடிக்கிற அப்பா, குடிக்கிற அம்மா, காதலிக்கிற பிள்ளை என்று எது வந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவாள். இளம் ஆசிரியை ஒருத்தி ஒருமுறை, "நீங்கதானே மிஸ் அந்தக் காலத்துல ஃபைட் பண்ணி நாவல் நடத்தினீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டாள். ஆமாம் என்றாள் ஜெயசுந்தரி. எப்படி முடிந்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

கள்ளக் கையெழுத்து பிடிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு ஜாலியாக இருந்தார்கள்.

2012 டிசம்பர். ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம். ஒருநாள் மதியம் ஆபீஸ் பியூன் வந்து, பழைய மாணவி ஒருவர் விசா வேலைக்காகப் பிறந்த தேதிச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறார், உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்றார். உள்ளே வந்த பெண்ணின் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. ஜெயசுந்தரிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"மஹதி. உக்காரும்மா."

மாதாப்பூரில் வேலை, அங்கேயே ஹாஸ்டல், ஜனவரியில் அமெரிக்கா போகிறேன் என்றாள். அவள் பேசுகிற தமிழ் முன்பைவிட நன்றாக இருந்தது. ஜெயசுந்தரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா இல்ல மிஸ். நான் இன்டர் செகண்ட் இயர், ப்ளஸ் டூ, படிக்கும்போது. ரெண்டாயிரத்து எட்டு ஜனவரி. மாடிப்படியில விழுந்துட்டாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கு." அவள் குரல் மாறவில்லை. "நான் அந்த வீட்டுக்குப் போறதில்ல."

ஜெயசுந்தரி பேனாவை மூடி வைத்தாள். எட்டு வருடமாக மனதில் வைத்திருந்த மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆரம்பித்தாள். "மஹதி, நான் அந்த டைரியில எழுதினது..."

"அதுக்கில்ல மிஸ் வந்தேன்" என்று மஹதி தடுத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்ட சொன்னாலும் புரியாது. அந்த புக் படிச்சவங்ககிட்டதான் சொல்ல முடியும்."

சப்பாத்தி மாவோடு கேட்ட கதையைச் சொன்னாள். அம்மா தினமும் "அப்புறம்?" என்று கேட்டதையும், அந்த நாலு நாள் காய்ச்சலையும், அதற்குப் பிறகு புத்தகம் வீட்டுக்கு வராமல் போனதையும் சொன்னாள். அதற்குப் பிறகும் அம்மா கேட்பதை விடவில்லையாம். அப்பா இல்லாத நேரத்தில் மெதுவாகக் கேட்பாளாம், கதையில் வருகிறவள் கடைசியில் என்ன செய்தாள் என்று.

"எனக்குத் தெரியாது மிஸ். லைப்ரரியில அந்த புக் வைக்கல, க்ளாஸ்ல குடுத்த காப்பியையும் ஸ்கூல்ல திரும்ப வாங்கிட்டாங்க. ஆனுவல் எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கு க்ளாஸ்ல ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டேன். முடிவு என்னன்னு. யாருக்கும் தெரியல. அது போர்ஷன்ல இல்ல, மிஸ் நடத்தலன்னு சொன்னாங்க."

பரீட்சைக்கு வராது என்று தான் சொன்னது ஜெயசுந்தரிக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா ரொம்ப ஆசையாக் கேட்டாங்க. ஏதாவது சொல்லணுமேன்னு நானே ஒண்ணு சொன்னேன். அந்த ஹெட்மாஸ்டருக்கு உடம்பு சரியில்லாம போகுது, அந்தம்மா பக்கத்துல இருந்து பாத்துக்கிறாங்க, அவர் அழுது திருந்திடறார், அப்புறம் கையே ஓங்கல, அவ்வளவுதான் கதைன்னு. எனக்குப் பதினாலு வயசு மிஸ். எல்லா சினிமாவும் அப்படித்தானே முடியும்." மஹதி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அம்மா நம்பிட்டாங்க. புக்ல போட்டிருக்குல்லன்னு நம்பிட்டாங்க. அப்பா ஒரு வாரம் சும்மா இருந்தாப் போதும், 'பாத்தியா மஹதி, அந்தக் கதையில மாதிரியே ஆகுது'ன்னு சொல்லுவாங்க. எங்க மாமா கும்பகோணத்துலேர்ந்து ரெண்டு தடவை வந்து கூப்பிட்டார். போகல. கொஞ்ச நாள் பொறுத்துக்கறேன், அவர் மாறிடுவார்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மூணு வருஷம் பொறுத்துக்கிட்டாங்க."

வெளியே பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"காலேஜ் படிக்கும்போது கோட்டி பஜார்ல ஒரு பழைய புத்தகக் கடையில அந்த புக் கிடைச்சுது. அங்கேயே நின்னு கடைசிச் சாப்டரைப் படிச்சேன். அந்தம்மா போயிடறாங்க." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நான் தப்பாச் சொல்லிட்டேன் மிஸ். உண்மையான முடிவைச் சொல்லியிருந்தா எங்கம்மா மாமாகூடப் போயிருப்பாங்க. கதையை மாத்தினது நான்தானே?"

ஜெயசுந்தரி எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். இந்தக் குழந்தை இத்தனை வருடமாகத் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மஹதியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

"நீ இல்லம்மா. உனக்கு அந்தச் சாப்டரைச் சொல்லிக் குடுத்திருக்க வேண்டியவ நான். சொல்லிக் குடுக்கல. உனக்கு மட்டுமில்ல, ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கல. பயந்துட்டேன். உங்கம்மாவுக்குத் தப்பான முடிவைச் சொன்னது நான்தான்."

மஹதி சரி என்பதுபோலத் தலையை அசைத்தாள். ஆனால் அவள் அதை நம்பவில்லை. அது ஜெயசுந்தரிக்கும் தெரிந்தது.